உறைந்த முழு வான்கோழி: முதன்முறை சமைப்பவர் நம்பி வாங்கலாமா?

அமெரிக்கப் பேரங்காடிகளில் நவம்பர் பிறந்ததும் ஃப்ரீசர் தொட்டிகளை நிறைத்துவிடும் உறைந்த முழு வான்கோழியைப் பற்றியது இந்த மதிப்புரை. மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்காக நாங்கள் வாங்கியது, நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பேரங்காடி ஒன்று தன் சொந்த முத்திரையில் விற்கும், 12 பவுண்டு எடையுள்ள, உப்புக் கரைசல் ஏற்றப்பட்ட பறவை. குழம்புக்கும் பிரியாணிக்கும் துண்டு போட்ட கோழியையே வாங்கிப் பழகிய வீடுகளில் முழுப் பறவையை ஓவனில் வைப்பது தயக்கம் தரும் வேலைதான். அந்தத் தயக்கத்தோடு கடைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பறவை நல்ல பறவை, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதனுடன் சேர்ந்து வரும் இரண்டு பொருள்களை, அதாவது வெந்ததும் குச்சி மேலே எழும்பிக் காட்டும் என்று நெஞ்சில் செருகியிருக்கும் பாப்-அப் டைமரையும் உள்ளே வைத்திருக்கும் கிரேவிப் பொட்டலத்தையும், நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக ஒரு நல்ல சமையல் தெர்மாமீட்டரை அதே கூடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உறையில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. உப்பு, நீர், சில சமயம் மசாலா அல்லது சர்க்கரை கலந்த கரைசல் எட்டு சதவீதம் வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலான உறைந்த பறவைகளில் சிறிய எழுத்தில் இருக்கும். 12 பவுண்டுப் பறவையில் ஏறத்தாழ ஒரு பவுண்டு நீருக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம் என்பது இதன் பொருள். கேட்பதற்கு ஏமாற்று வேலை போலத் தோன்றினாலும், புதிதாகச் சமைப்பவருக்கு இந்தக் கரைசல் உதவிதான்: தசைக்குள் இறங்கிய உப்பு, வேகும்போது ஈரம் வெளியேறுவதைக் குறைப்பதால், பத்து நிமிடம் கூடுதலாக வெந்துவிட்டாலும் கறி நார் நாராகிவிடாது. ஹார்மோன் சேர்க்கவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கோழியினங்களுக்கு ஹார்மோன் கொடுப்பதே சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. ‘ஃப்ரெஷ்’ என்று எழுதியிருக்கும் பறவையையும், நம் ஊரில் கண்ணெதிரே அறுத்துத் தரும் கோழியைப் போன்றது என்று எண்ணிவிட வேண்டாம். 26 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 3 செல்சியஸ், என்ற அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாமல் வைத்திருந்தால் போதும், அந்தச் சொல்லை அச்சிடலாம். ஆகவே ‘ஃப்ரெஷ்’ பறவையின் மேல்தோலும் சில நேரம் கல் போல இறுகியிருக்கும்.

விலையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரங்களில் வாடிக்கையாளரை உள்ளே இழுப்பதற்காகவே கடைகள் உறைந்த வான்கோழியை மிகக் குறைந்த விலைக்குத் தருகின்றன. குறிப்பிட்ட தொகைக்கு மளிகை வாங்கினால் பறவையை இலவசமாகவே கொடுக்கும் கடைகளும் உண்டு. திறந்தவெளியில் வளர்ந்தது, பாரம்பரிய இனம் என்றெல்லாம் போகப் போக விலை பல மடங்கு ஏறும். அவற்றின் சுவை ஆழமானது என்றாலும் நெஞ்சுக்கறி குறைவு, கொழுப்பும் குறைவு. முதல் முயற்சிக்கு அவை ஏற்றவை அல்ல என்பது என் கருத்து.

எடை விஷயத்தில் பேராசை கூடாது. எலும்போடு சேர்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு என்பது பொதுவான கணக்கு. எட்டுப் பேருக்கு 12 பவுண்டு தாராளம். இருபது பேர் வருகிறார்கள் என்பதற்காக 22 பவுண்டுப் பறவையைத் தூக்கி வருவதைவிட, 11 பவுண்டில் இரண்டு வாங்குவது எல்லா வகையிலும் மேல். பெரிய பறவை உருகவும் அதிக நாள் பிடிக்கும், வேகவும் அதிக நேரம் பிடிக்கும், பல வீட்டு ஓவன்களில் மேல்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் ஓவனின் உள் உயரத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இந்தப் பொருளின் உண்மையான சிக்கல் பனி உருகுவதில்தான் இருக்கிறது. விருந்து கெட்டுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் சமையல் கெடுவதில்லை, புதன்கிழமை இரவிலும் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும் பறவைதான் கெடுக்கிறது. 40 பாரன்ஹீட்டுக்கு மேற்படாத குளிர்சாதனப் பெட்டியில், ஒவ்வொரு நான்கு முதல் ஐந்து பவுண்டுக்கும் 24 மணி நேரம் என்று அமெரிக்க வேளாண் துறை கணக்குச் சொல்கிறது. 12 பவுண்டுக்கு ஏறத்தாழ மூன்று நாள். ஞாயிறு காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உறையைப் பிரிக்காமல், நெஞ்சு மேலே பார்க்க, விளிம்புள்ள பெரிய தட்டில் வைத்து, பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டால் புதன்கிழமைக்குள் வேலை முடியும். தட்டு அவசியம்: உறையில் எங்காவது ஊசிமுனை அளவுக்குக் கிழிசல் இருந்தாலும், உருகும் பச்சை இறைச்சி நீர் கீழே இருக்கும் காய்கறியில் இறங்கிவிடும். உருகி முடிந்த பறவை மேலும் ஓரிரு நாள் குளிரில் கெடாமல் இருக்கும் என்பதால், சற்று முன்கூட்டியே எடுத்து வைப்பதில் இழப்பு ஏதுமில்லை. சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்து உருக்கும் வழக்கம் மட்டும் அறவே வேண்டாம். நடுவில் பனி இருக்கும்போதே மேற்பரப்பு அறை வெப்பத்துக்கு வந்து, கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும்.

உருகிவிட்டதா என்பதை வெளியே அழுத்திப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உறையைப் பிரித்து, கையை உள்ளறைக்குள் விட்டு முதுகெலும்பின் உட்பக்கத்தைத் தடவ வேண்டும். எங்கள் பறவையில் நெஞ்சும் தொடையும் மெத்தென்று ஆகிவிட்ட பிறகும், உள்ளறையின் சுவரில் விரலுக்குச் சில்லென்று சொரசொரப்பான பனிப் படலம் தட்டுப்பட்டது. கழுத்துத் துண்டோ பக்கவாட்டு எலும்போடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. இந்த நிலையில் பதற வேண்டியதில்லை. நீர் புகாத பையில் பறவையைக் கட்டி, குளிர்ந்த குழாய் நீரில் முழுக்க அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சிய பனி விரைவில் இறங்கிவிடும். முழுவதும் உறைந்த பறவையையே இம்முறையில் உருக்குவதானால் பவுண்டுக்கு அரை மணி, அதாவது 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம் ஆகும். நீரில் உருக்கிய பறவையை உடனே சமைத்துவிட வேண்டும். எதுவுமே செய்ய நேரமில்லாமல் வியாழக்கிழமை விடிந்துவிட்டால், உறைந்தபடியே ஓவனில் வைக்கவும் வேளாண் துறை அனுமதிக்கிறது. நேரம் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆகும், பாதி வெந்த பிறகு உள்ளே இருக்கும் பொட்டலத்தை இடுக்கியால் வெளியே எடுக்க வேண்டும். சுவைக்கு உத்தரவாதம் இல்லையென்றாலும் உடல்நலத்துக்குக் கேடில்லை.

அடுத்தது கழுவுதல். மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் கறியை அடுப்பில் ஏற்றுவது நம் வீடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனாலும் இங்கே அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு பவுண்டுப் பறவை எந்தத் தொட்டியிலும் அடங்காது, குழாயடியில் பிடித்தால் தெறிக்கும் நீர் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை மேடை, பாத்திரம், அருகில் இருக்கும் சாலட் இலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓவன் வெப்பம் கொல்லும் கிருமியைக் கழுவிப் பரப்புவானேன்? காகிதத் துவாலையால் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்தால் போதும். அந்த நேரத்திலேயே உள்ளறையில் இருக்கும் கழுத்தையும், கழுத்துத் தோலுக்கு அடியில் காகிதப் பையில் ஒளிந்திருக்கும் ஈரல், இதயம், இரைப்பையையும் எடுத்துவிடுங்கள். இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும். கால்களைப் பிணைத்திருக்கும் நெகிழி வளையம் ஓவன் வெப்பத்தைத் தாங்கும் வகை என்று உறையில் எழுதியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஒற்றி எடுத்த பறவையை மூடாமல் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் காய்ந்து, வேகும்போது மொறுமொறுப்பாகும். செலவில்லாத இந்த வேலைக்குக் கிடைக்கும் பலன் பெரியது.

மசாலா தடவுவதில் ஓர் எச்சரிக்கை. கரைசல் ஏற்றிய பறவை ஏற்கெனவே உப்பிட்டது. யூத முறைப்படி தயாரித்த கோஷர் பறவையும் அப்படித்தான். இவற்றை மறுபடி உப்பு நீரில் ஊறப்போட்டால் கறி கரிக்கும், தட்டில் இறங்கும் சாறு கிரேவிக்கே ஆகாது. நான் உப்பில்லாத வெண்ணெயில் இஞ்சி, பூண்டு, நசுக்கிய மிளகு, சிறிது சோம்புத் தூள் சேர்த்துக் குழைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை மெல்ல நுழைத்துத் தோலைப் பிரித்து, கறியின் மேல் நேரடியாகத் தடவினேன். தோலின் மேல் எண்ணெய் மட்டும். தந்தூரி பாணியில் தயிரும் மிளகாய்த் தூளும் மேலே பூச ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டியது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓவனில் இருக்கப் போகும் தோலின் மீது அந்தப் பூச்சு கறுத்துக் கசந்துவிடும் என்பதை. அந்த மசாலாவையும் தோலுக்கு அடியிலேயே வையுங்கள்.

கடையில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் அலுமினியத் தட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பன்னிரண்டு பவுண்டுப் பறவையும் அரை லிட்டர் கொதிக்கும் கொழுப்பும் சேர்ந்தால் அதன் நடுப்பகுதி வளைகிறது. ஓவனிலிருந்து இழுக்கும்போது வளைந்தால் உங்கள் கால் வெந்துபோகும். வேறு வழியில்லையென்றால் கனமான பேக்கிங் தட்டின் மேல் அதை வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். தனியாகக் கம்பித் தாங்கி வாங்கவும் தேவையில்லை. பெரிதாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரித் தண்டுகளைப் பரப்பி அதன் மேல் பறவையை அமர்த்தினால் அடி பிடிக்காது, கிரேவிக்கும் ருசி கூடும். ஓவன் 325 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 163 செல்சியஸ். அதற்குக் கீழே வைக்கக் கூடாது. உள்ளே எதையும் அடைக்காத 12 முதல் 14 பவுண்டுப் பறவைக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் என்பது வேளாண் துறையின் அட்டவணை. நெஞ்சு விரைவாகச் சிவந்தால் அதன் மேல் மட்டும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். அரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து சாற்றை மொண்டு ஊற்றுவதால் ஓவனின் வெப்பம் இறங்குவதும், காய்ந்துவரும் தோல் மறுபடி நனைவதும்தான் மிச்சம்.

இனி அந்த பாப்-அப் டைமர். 1960களில் கலிபோர்னியாவில் உருவான இந்தக் கருவி எளிய தத்துவத்தில் இயங்குகிறது: சிறிய நெகிழிக் குழாய்க்குள் சுருள்வில்லோடு கூடிய குச்சி ஒன்று, குறைந்த வெப்பத்தில் உருகும் பொருளால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொருள் உருகியதும் குச்சி மேலே எழும்புகிறது. தத்துவத்தில் தவறில்லை. ஆனால் அது ஓரிடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும், அதையும் பெரும்பாலும் தாமதமாகவே அறிவிக்கும். பாதுகாப்புக்கு வேண்டிய உள் வெப்பம் 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உட்பகுதி, இறக்கையின் உட்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் இந்த அளவைப் பார்க்க வேண்டும். எங்கள் பறவையின் நெஞ்சு 165ஐ எட்டியபோது தொடை 170ஐத் தாண்டியிருந்தது. டைமரின் சிவப்புக் குச்சியோ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. அதை நம்பிக் காத்திருந்தால் நெஞ்சுக்கறி வறண்டிருக்கும். அவசரப்பட்டு அதைப் பிடுங்கிவிடவும் வேண்டாம். ஓட்டை வழியே சாறு வடிந்துவிடும் என்பதால், வெந்து முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

நெஞ்சும் தொடையும் இரு வேறு கறிகள் என்பதே முழுப் பறவைச் சமையலின் தீராத வில்லங்கம். கொழுப்பில்லாத நெஞ்சு 165க்கு மேல் போகப் போக வறள்கிறது. இணைப்புத் திசு நிறைந்த தொடையோ 175, 180 வரை போனால்தான் நன்றாக இளகுகிறது. ஓவனின் பின்பக்கம் பொதுவாக அதிகச் சூடாக இருக்கும் என்பதால், கால்கள் பின்பக்கம் பார்க்கும்படி வைப்பது சிறிதளவு உதவும். முதுகெலும்பை வெட்டி எடுத்துப் பறவையைத் தட்டையாக விரித்து அதிக வெப்பத்தில் சமைக்கும் முறையில் இந்த வித்தியாசம் பெருமளவு மறைந்து, நேரமும் பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் அந்த எலும்பை வெட்ட நல்ல கத்தரியும் கைப்பலமும் வேண்டும், மேசையில் முழுப் பறவையாக வைத்துக் காட்டும் அழகும் போய்விடும்.

தெர்மாமீட்டரில் இரண்டு வகை உண்டு. கம்பியைக் கறிக்குள் விட்டுவிட்டுக் கதவை மூடி, வெளியே இருக்கும் பெட்டியில் எண்ணைப் பார்க்கும் வகை ஒன்று. சில விநாடிகளில் குத்திப் பார்த்து எடுக்கும் வகை மற்றொன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள், பல இடங்களில் சோதிக்க அதுவே வசதி. இருபது டாலருக்குள் கிடைப்பதே போதும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் நிறைந்த டம்ளரில் அதன் முனையை வைத்து, 32 காட்டுகிறதா என்று விருந்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். குத்தும்போது முனை எலும்பைத் தொடக் கூடாது, தொட்டால் காட்டும் எண் தவறாகிவிடும். ரொட்டித் துண்டுகளை உள்ளறையில் அடைத்துச் சமைக்கும் வழக்கம் அமெரிக்க வீடுகளில் இன்றும் இருக்கிறது. அடைத்தால் அதன் நடுவும் 165ஐ எட்ட வேண்டும், அதற்குள் நெஞ்சு வெந்து கெட்டுவிடும். அதைத் தனித் தட்டில் சமைப்பதே உத்தமம்.

வெளியே எடுத்த பறவையைக் குறைந்தது இருபது நிமிடமாவது தொடக் கூடாது. அந்த நேரத்தில் கிரேவியை முடித்துவிடலாம். உறையில் வந்த பொட்டலக் கிரேவி உப்பும் மாவும் தவிர வேறு சுவையற்றது. பறவை வேகும்போதே கழுத்தையும் இரைப்பையையும் வெங்காயம், மிளகோடு போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றையும் தட்டில் இறங்கிய சாற்றையும் வெண்ணெயில் வறுத்த மைதாவில் ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் அசல் கிரேவி தயார். தட்டுச் சாற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். வெட்டும்போது முதலில் கால்களை மூட்டில் பிரித்து, பிறகு நெஞ்சின் இரு பாதிகளையும் எலும்பிலிருந்து முழுசாகக் கழற்றிப் பலகையில் வைத்து நாருக்குக் குறுக்காக நறுக்கினால் துண்டுகள் உதிராது. கறியின் சுவை பற்றிக் கேட்டால், நெஞ்சு நல்ல ஈரத்தோடும் சற்றே அதிகமான உப்போடும் இருந்தது, தொடை குறையொன்றும் சொல்ல முடியாத பக்குவத்தில் இருந்தது. நாட்டுக்கோழியின் அழுத்தமான மணத்தை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம்.

வழியில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இரண்டு இலவசத் தொலைபேசிச் சேவைகள் இருக்கின்றன: வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் பருவந்தோறும் நடத்திவரும் வான்கோழி உதவி எண் ஒன்று, வேளாண் துறையின் இறைச்சி, கோழியின உதவி எண் மற்றொன்று. முன்னதில் மற்ற முத்திரைப் பறவைகளைப் பற்றியும் கேட்கலாம். தேங்க்ஸ்கிவிங் நாளன்றும் இரண்டிலும் ஆள் இருப்பார்கள்.

மிஞ்சியதை எலும்பிலிருந்து உதிர்த்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் குளிரில் வைத்தால் மூன்று, நான்கு நாளைக்குப் பயன்படும். கொத்துப் பரோட்டாவுக்கும் மிளகு வறுவலுக்கும் தொடைக்கறி மிகப் பொருத்தம். எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய குக்கரில் சூப்பு வைக்கலாம். நான்கு பேருக்குக் குறைவான வீடு என்றால் முழுப் பறவையே வேண்டாம். அதே ஃப்ரீசரில் எலும்போடு கூடிய நெஞ்சு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதிலும் கரைசல் சதவீதத்தைப் பார்த்தே எடுங்கள்.